பெயர்ப்பலகை இல்லாத காசு

நோர்பரி, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரீத்தாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. சூடானிலிருந்து உன் குரல் கேட்டு ஒன்பது நாளாகிறது. உன்னோடு வேலை செய்யும் டயனா நாளை அங்கே திரும்புகிறாள். இந்தக் கடிதத்தையும் எள்ளுருண்டையையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

போன மாதம் மோர்டனில் நடந்த எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தின் முடிவை மட்டும்தான் உனக்குப் போனில் சொன்னேன். சூடானில் சண்டையில் அகப்பட்ட சனத்துக்கென்று சேர்த்த காசை நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பி, வாசலில் சங்கத்தின் பெயர்ப்பலகை போட வேண்டும் என்று தலைவர் பாலேந்திரா அண்ணை தொடக்கத்திலிருந்தே ஒரே பிடியாக நின்றார். ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கும் உட்காரும் கதிரைக்கும்கூடப் பெயர் எழுதிப் பழகிய ஆட்கள் அல்லவா நாங்கள். எனக்கும் அதே ஆசைதான். நீயோ கூட்டத்துக்கு முன்பே போனில், பல பேருடைய காசை ஒன்றாகச் சேர்த்து எங்கே அவசரமோ அங்கே கொடுக்கும் பொது நிதியில் போடுங்கள், பெயரும் நிபந்தனையும் வேண்டாம் என்றாய். மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன்.

பிறகு தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நினைவுக்கு வந்தது. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். உனக்கு ஆறு மாதம். எனக்குப் பால் வற்றிவிட்டது. யாரோ வந்து ஒரு பால்மாப் பெட்டியைக் கையில் தந்துவிட்டுப் போனார்கள். அது யார் காசு என்று இன்றுவரை தெரியாது. கூட்டத்தில் எழும்பி இதைத்தான் சொன்னேன். பேரில்லாமல் குடுக்கச் சனம் வராது தங்கச்சி என்றார் அண்ணை. அப்ப நான் வீடு வீடாப் போறன் என்றேன். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்த கை என்னுடையது. வென்றோம்.

நேற்று பொது நிதியிலிருந்து கடிதம் வந்தது. முதல் சுற்றுக் காசு வேறொரு ஊரில் பெண்கள் நடத்தும் சமையற்கூடத்துக்குப் போகிறது. உங்கள் ஆஸ்பத்திரி அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டுமாம். ஜெனரேட்டருக்கு டீசல் இந்த மாதத்துக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நீ சொன்னாயே. என் பிள்ளையின் வாயில் நானே மண் போட்டேனோ என்று இருந்து அழுதேன்.

அழுது முடித்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். காசு சேர்க்க ஃபாரஸ்ட் கேட் கடைகள் எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. நாளைக்கு நோர்பரி. இதுவும் பொது நிதிக்குத்தான். சொன்ன சொல்லில் மாறமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டீசல் முடிந்து நோயாளரை ஏற்றி அனுப்பும்போது, கடைசி வண்டியில் என்றாலும் நீயும் ஏறு. காசைப் பொதுவில் போட்டுவிட்டேன், பிள்ளை. உன்னைப் போட என்னால் ஏலாது.

எங்கள் ஊர்க் கோயில் அம்மாள் உன் பக்கத்தில் நிற்பாள்.

உன் வரவு பார்த்திருக்கும்
அம்மா தவமலர்