தாழ்வாரம் இல்லாத முகம்

யூன் 3, 2024

இன்று நான் சொல்லாதது இது: "உங்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை, அக்கா. நான்தான் அழித்தேன்."

மூதூர்ப் படகில் என்ஜின் பார்த்த மைக்கல் அண்ணனின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைகளை வாங்க, அவர் மனைவி கிறிஸ்டின் அக்கா நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து மேலே இருந்த அட்டையை எடுத்தவர் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது அவர்தானோ?"

"என்ன கதைக்கிறீங்க, நீங்க தந்த படம்தானே," என்று முதலாளி சரீப் நானா சிரித்தார்.

"ஓம்... எனக்குத்தான் ஒரு மாசத்துக்குள்ள முகம் மறந்துபோச்சுப் போல."

நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூன் 4

எழுதியாவது வைக்கிறேன். மைக்கல் அண்ணனுக்குப் புருவத்து எலும்பு நன்றாகத் தள்ளியிருந்தது. உச்சி வெயிலில் எடுத்த படம். கண்கள் இரண்டும் அந்த நிழலுக்குள் போயிருந்தன. அட்டைக்காகக் கணினியில் அந்த நிழலை எடுத்தேன். நெற்றியைத் தட்டையாக்கினேன். ஐந்து நிமிடம். யாரும் கேட்கவில்லை, கை தானாகச் செய்தது.

கைக்கு ஏன் அந்தப் பழக்கம்? என்னுடைய படங்கள் எல்லாவற்றிலும் நான் செய்வது அதுதான். எனக்கும் அந்த மேடு இருக்கிறது, அப்பாவுடையது. பள்ளியில் "ஆம்பிளை நெத்தி" என்றார்கள். பிறகு புத்தகம் புத்தகமாகத் தேடினேன். ஆதிமனிதருக்கு அது ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. கொஞ்ச எலும்புதான். ஆனால் கண் எவ்வளவு ஆழம், முகம் கோபமா சாந்தமா என்று பார்ப்பவருக்குத் தோன்றுவதில் பாதி அதன் நிழல். இவ்வளவும் வாசித்தவள்தான் முன்முடியை வெட்டிவிட்டு மறைத்துக்கொண்டு திரிகிறேன்.

யூன் 5

அக்கா மறுபடி வந்தார். தான் தந்த படத்தை ஒருக்கால் பார்க்கவேண்டுமாம். வீட்டில் வேறு படமில்லை. அல்பங்கள் சுனாமியோடு போய்விட்டன. அண்ணன் போனுக்கு முகம் காட்டவே மாட்டாராம்.

"எவ்வளவு மழையெண்டாலும் என்ர கண்ணுக்குள்ள தண்ணி விழாது, கடவுள் தாழ்வாரம் இறக்கித் தந்திருக்கிறார் எண்டு பகிடி விடுவார். அந்தத் தாழ்வாரத்தைத்தான் காணேல்லப் பிள்ளை."

"தேடிப் பாக்கிறன் அக்கா."

படம் என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

யூன் 6

சீ.

யூன் 7

நாளைக்குக் கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசை. காலையில் கடை திறந்ததும் சரீப் நானாவிடம் சொன்னேன். "யா அல்லாஹ், மெலனி! நானும் சிரிச்சி அனுப்பிட்டேனே அந்த மனுசிய," என்றார். பிறகு தானே இயந்திரத்தைப் போட்டு முந்நூறு அட்டையையும் திரும்ப அடித்தார்.

பின்னேரம் நான் தனியாகக் கொண்டுபோனேன். அக்கா புது அட்டையில் அந்தப் புருவத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணை அல்ல, நெற்றியை. வியர்வையில் முடி ஒதுங்கியிருந்தது.

"உங்களுக்கும் இருக்கு."

"ஓம்."

"அதுக்கு அவற்ற முகம் என்ன செய்தது?"

நேற்றுவரை நான் பிள்ளை. இன்று நீங்கள்.

மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நாலு நாள் நித்திரையில்ல. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

பழைய அட்டைகளைப் பெட்டியோடு என் கையில் தந்தார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. ஏன் சொல்லவேணும்?

யூன் 8

கோயில் வாசல்வரை போனேன். உள்ளே போக ஏலவில்லை.

யூன் 29

சுவரில் மாட்டும் பெரிய படத்தை கிறிஸ்டின் அக்கா வேறு ஸ்டூடியோவில் செய்வித்தார். சரீப் நானா இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புருவம் சரியாக இருக்கிறதாம்.