பாஸ்டர் வாசித்த பெயர்

பர்மிங்ஹாம், இங்கிலாந்து
8 மார்ச் 1999

அன்புத் தம்பி குளோவிஸுக்கு,

நலம். உன் வீட்டுக்காரி ஐவியும் பிள்ளைகளும் நலமா? இங்கே மழை விட்டபாடில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள், பயப்படாதே. இங்கே கறுப்பு ஆண்கள் நாங்கள் சர்ச் ஹாலில் கூடி இதைப் பற்றித்தான் பேசுகிறோம். மற்றவர்களைவிட நமக்கு இது அதிகம் வருகிறதாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்பா முதுகுவலியில் செத்தார் என்றுதானே ஊருக்குச் சொன்னோம்? அது முதுகுவலி இல்லையடா.

நீ ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்கு எழுந்து போவதாக ஐவி போனில் சொன்னாள். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். பிறகு டாக்டர் பின்பக்கமாக விரலை விட்டுத் தொட்டுப் பார்ப்பார், ஒரு நிமிஷ வேலை.

உன் அண்ணன்,
லாசெல்ஸ்

மாண்டெவில், ஜமைக்கா
2 ஏப்ரல் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். நீ சீக்கிரம் குணமாக வேண்டும்.

எனக்கு ஒன்றுமில்லை. டாமினோ ஆடும்போது ஜாடையாகப் பரிசோதனைப் பேச்சை எடுத்தேன். "எந்த டாக்டராவது பின்னாடி விரல் விட வந்தான்னா, அந்த விரலை ஒடிச்சுத்தான் அனுப்புவேன்" என்றான் என் ஆட்டக் கூட்டாளி யூரையா. மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவது? யூரையா காய்ச்சித் தரும் வேர்க் கஷாயத்தைக் குடிக்கிறேன். முதுகுக்கு இதமாக இருக்கிறது.

தம்பி,
குளோவிஸ்

பர்மிங்ஹாம்
20 ஏப்ரல் 1999

தம்பி,

முதுகுக்கா? முதுகு எப்போதிலிருந்து வலிக்கிறது? அப்பாவும் முதுகு என்றுதான் ஆரம்பித்தார். என் பேச்சைத்தான் நீ கேட்கமாட்டாய். உன்னிடம் பேசச் சொல்லி நம் ஊர்ச் சபைப் பாஸ்டர் ஹிபர்ட்டுக்கு விவரமாக எழுதியிருக்கிறேன். கோபிக்காதே.

லாசெல்ஸ்

மாண்டெவில்
17 மே 1999

திரு. லாசெல்ஸ் அவர்களுக்கு,

பாஸ்டர் என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பங்களோடு என் பெயரையும் மைக்கில் வாசித்தார், எந்த இடத்து நோய் என்பதையும் சேர்த்து. சபை முழுக்க "ஆமென்" என்றது. விண்ணப்பம் என்று எது போனாலும் பெயர் சொல்லி வாசிப்பது நம் சபை வழக்கம். அங்கேயே பாடி வளர்ந்த உனக்கு அது மறந்துபோயிற்றா?

சந்தையில் பெண்கள் என் பெல்ட்டுக்குக் கீழே பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். இனி நான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் எல்லாம் உண்மை என்று ஆகிவிடும். போகமாட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

குளோவிஸ்

மாண்டெவில்
28 நவம்பர் 1999

அண்ணா,

இதை ஐவி எழுதுகிறாள். நான் படுத்தபடி சொல்கிறேன். நீ அதற்குப் பிறகு போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நேற்று அவள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். மன்னித்துக்கொள்.

பாஸ்டர் வாசித்ததைக் கேட்டு யூரையாதான் பயந்துபோனானாம். யாருக்கும் தெரியாமல் கிங்ஸ்டனுக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறான். அவனுக்கும் இதே நோய்தான், ஆனால் ஆரம்பம்தானாம், பிழைத்துக்கொள்வான். எனக்கு எலும்புவரை போய்விட்டது. உன்மேல் கோபமெல்லாம் போய்விட்டது. பயம்தான் போகவில்லை.

என் மூத்தவன் ஆர்டனுக்கு நாற்பத்தைந்து ஆகிறது, பரிசோதித்துக்கொள்ள வேண்டிய வயது. அவனுக்கு நீ எழுது அண்ணா, நேரே அவனுக்கே எழுது. இன்று காலையில் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கென்னப்பா, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

உன் தம்பி,
குளோவிஸ்