பண்ணைப் பொடி

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே பெரியவளும் நானும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கைக்காயம் எப்படி இருக்கிறது? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பொடியைத் தூக்கிப் போடுங்கள் என்று போனில் சொன்னேன். "கோழிக்கே கேக்குது, எனக்குக் கேக்காதா?" என்று சிரித்தீர்கள். சின்னவள் போன பிறகு நீங்கள் சிரித்தது அன்றுதான். பெரியவளும் பக்கத்தில் நின்றாள். காரணத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது.

சின்னவள் காய்ச்சலில் போனாள் என்றுதான் உங்களிடம் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை.

பண்ணையில் தினமும் தண்ணீர்த் தொட்டியில் மருந்துப் பொடி கலக்குவது நான்தானே. நோய் வந்த கோழிக்கும் அதுதான், வராத கோழிக்கும் அதுதான். நான் சேர்ந்தபோது தொட்டிக்கு ஒரு கரண்டி. இப்போது மூன்று. அப்படியும் கோழி சாகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

நீங்கள் வேலைக்குக் கிளம்பியபோது உங்கள் பையில் ஒரு பொட்டலம் வைத்தேனே, அதே மாதிரி வீட்டிலும் ஒன்று வைத்திருந்தேன். சின்னவளுக்குக் காலில் புண் வந்தால் ஒரு சிட்டிகை, தேனில் குழைத்து. புண் காய்ந்ததும் நிறுத்திவிடுவேன். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை போய்விடுமே. மூன்று முறை கேட்டது. நாலாவது முறை கால் வீங்கியது. அப்போதும் சிட்டிகையை இரண்டாக்கினேனே தவிர, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

காய்ச்சல் ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார். வீட்டில் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

போன வாரம் பெரியவள் உயிரியல் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே என்னவென்று கேட்டேன். "அரைகுறையா மருந்து குடுத்தா சோப்ளாங்கிக் கிருமிதாம்மா சாகும். தாக்குப்பிடிச்சது மட்டும் பெருகும். அதோட குட்டிகளுக்கு அந்த மருந்து வெறும் தண்ணி" என்றாள். குழாயை மூட மறந்து நின்றேன். ஒரு கரண்டி ஏன் மூன்றானது என்று அப்போதுதான் புரிந்தது. நான் தங்கச்சிக்குப் பொடி கொடுத்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். நீ எப்போது டாக்டரானாய் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நாளைக்கும் கலக்கத்தான் போகிறேன். வேறு வேலை எங்கே இருக்கிறது?

இது உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகுமாம். தபால் ஆபீசில் சொன்னார்கள். வந்த உடனே பொட்டலத்தைக் கொட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொடி சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் கொடுப்பதைக் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள்.

பிறகு என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். யாரையும் எழுதச் சொல்லாமல், காயம்பட்ட அந்தக் கையாலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா