கடைசி பெஞ்சில் ஒரு கை

21 ஜூன் 2025, சனி

இணையவழிப் பயிற்சியின் முதல் நேரலை இன்று. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆசிரியரின் பெயர். ஒருவரும் முகம் காட்டவில்லை. பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. யாரோ மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. "புளி எங்கடா வெச்சே?" என்று ஒரு குரல். பயிற்றுநர் பாவம், "மியூட் பண்ணுங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். நானும் முகம் காட்டவில்லை.

அம்மா மீன் கடையிலிருந்து வந்ததும் கேட்டாள்: "படிச்சி முட்ச்சிதான டீச்சர் ஆன? மறுக்கா இன்னா படிப்பு?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான்தான். படிப்பு எங்கே முடிகிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? எனக்கே தெரியாது.

பயிற்சித் தேர்வுக்கான விடைகளை எங்களோடு வேலை செய்யும் ஷெரில் மிஸ் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் சற்று நேரம் காத்திருக்க வேண்டும்." சரி. முழு மதிப்பெண். சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம் என்று திரை வாழ்த்தியது.

2 ஜூலை, புதன்

பயிற்சியின் அடுத்த கட்டம்: நாம் பாடம் நடத்துவதை நாமே வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும். வேறு பள்ளி ஆசிரியர்கள் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் பேசவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஷெரில் மிஸ்தான் வழி சொன்னார். "பசங்க எல்லாரையும் கை தூக்கச் சொல்லு. பதில் தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. நீ வலது கையா பார்த்துக் கூப்பிடு. வீடியோவுல பார்த்தா பூரா கிளாஸும் கெட்டிக்காரங்களாத் தெரியும்."

"கண்டுபிடிச்சிட மாட்டாங்களா, மிஸ்?"

"இன்ஸ்பெக்ஷனுக்கு எங்க மிஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுடி இது. ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. நாலாங்கிளாஸ் பூரா நான் இடது கைதான்!"

மதியம் ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஜாஸ்பர் எழுந்து, "மிஸ், நான் எழுதறதே இடது கையிலதான். எனக்கு மட்டும் உல்ட்டாவா?" என்றான். வகுப்பே சிரித்தது.

பேசவே பேசாத நான்கைந்து பேரைக் கேமராவிலிருந்து தள்ளிக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினேன். ஃபிசாவும் போனாள். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல். ஐந்தாம் வகுப்பில் நான் உட்கார்ந்திருந்ததும் அந்த மாதிரி இடத்தில்தான்.

3 ஜூலை, வியாழன்

முடிந்தது. பின்னங்கள் பாடம். ஷெரில் மிஸ்ஸின் டிபன் பையில் போனைச் சாய்த்து வைத்து எடுத்தோம். நானா பேசினேன் என்று இருக்கிறது. பாடத்தின் கடைசியில் "யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்று கேட்க வேண்டும் என்பது பயிற்சியின் விதி. கேட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பார்க்காமலே ஏற்றிவிட்டேன். என் குரலை நானே கேட்க என்னால் ஆகாது.

7 ஜூலை, திங்கள்

ஃபிசா வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

10 ஜூலை, வியாழன்

இன்றும் இல்லை. காய்ச்சலாக இருக்கும்.

12 ஜூலை, சனி

என் வீடியோவுக்கு இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன. முதலாவது: "மிகச் சிறப்பு. வாழ்த்துகள்." பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம். எனக்கு வந்த வீடியோக்களுக்கு நானும் இதையேதான் எழுதினேன், ஒன்றைக்கூடத் திறக்காமல்.

இரண்டாவது, ஜஹீதா என்பவர், பெருங்குடியில் ஒரு பள்ளியாம். "பாடம் தெளிவாக இருந்தது. பலகையில் எழுத்து அழகு. கேட்கணுமா என்று நீங்கள் கேட்டபோது கடைசி பெஞ்சில் ஒரு பெண் கை தூக்குகிறாள். என்ன கேட்டாள்?"

யாரும் கை தூக்கவில்லையே. வேறு யாருடைய வீடியோவையோ பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார்.

13 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வீடியோவைப் பார்த்தேன். குரல் கேட்காதபடி ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

கேள்வி கேட்கும்போதெல்லாம் எல்லாக் கைகளும் எழுகின்றன. நான் வலது கைகளாகப் பொறுக்கிக் கூப்பிடுகிறேன். ஷெரில் மிஸ் சொன்ன மாதிரி பூரா வகுப்பும் கெட்டிக்காரர்கள்தான். கடைசியில் என் உதடு அசைகிறது. கேட்கணுமா என்கிறேன். எல்லாக் கைகளும் இறங்கிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் எழுகிறது.

இடது கை. ஃபிசா.

என் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பாமல் இருந்திருந்தால் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். என் கண் அவள் மேல் போய், வெற்றுச் சுவரைக் கடப்பது போலக் கடந்து வருகிறது. ஒத்திகையிலிருந்தே இடது கைகளை விட்டுவிடப் பழக்கிய கண். சிரிக்கிறேன். பலகைப் பக்கம் திரும்பி அழிக்க ஆரம்பிக்கிறேன். எவ்வளவு பொறுமையாக அழிக்கிறேன்! மூலைகூட விடாமல். என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கை அப்படியே நிற்கிறது. வலித்திருக்கும் போல. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்கிறாள். நான் திரும்புவதற்குச் சற்று முன்னால் கை இறங்கிவிடுகிறது.

மறுபடி பார்த்தேன். மறுபடி. ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை திரும்பிவிடுவேன் என்று தோன்றுகிறது. திரும்பவே மாட்டேன் என்கிறேன்.

அம்மா சோற்றுத் தட்டோடு வந்து நின்றாள். "இன்னாடி, பேயப் பாத்தவ மாரி குந்திகினு கீற? மொதல்ல துன்னு."

15 ஜூலை, செவ்வாய்

பஸ்ஸில் ஒரு சின்னக் கை கம்பியைப் பிடித்திருந்தது. என் நிறுத்தத்தை விட்டுவிட்டேன். கொடியில் காயும் சட்டையின் கைகூட அப்படித்தான் தெரிகிறது. வகுப்பில் பலகையில் எழுத முதுகைத் திருப்பினாலே பின்கழுத்து கூசுகிறது. சட்டென்று திரும்புகிறேன். பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

ஷெரில் மிஸ்ஸிடம் காட்டினேன். "அட, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டுத் திரியறே? கடைசி ஒரு நிமிஷத்தை வெட்டிட்டு மறுபடி ஏத்து. யார் பார்க்கப் போறா?"

சாப்பாட்டு இடைவேளையில் வெட்டிப் பார்த்தேன். பாடம் என் சிரிப்போடு முடிகிறது. ஆனால் வெட்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே அவள் பெஞ்சில் நகர்ந்து உட்காருகிறாள். எழப்போகும் கை, எழுவதற்கு முன்பே தெரிகிறது. இன்னும் எவ்வளவுதான் வெட்டுவது? ஏற்றவில்லை.

யார் பார்க்கப் போறா? ஒருத்தர் பார்த்தாரே.

16 ஜூலை, புதன்

பள்ளி விட்டதும் மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தேன். ஒரு பிள்ளையின் வீட்டைத் தேடிப் போவது இதுதான் முதல் தடவை. சந்து முனைவரை போய்த் திரும்பி, வேண்டாத ஒரு பேனாவைக் கடையில் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன்.

ஃபிசா வீட்டில் பூட்டு. கதவில் வெளிறிய சதுரம், ஏதோ படம் ஒட்டியிருந்த இடம். பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ எட்டிப் பார்த்தார்.

"யாரு நீ? டீச்சரா? அல்லா, இத்தினூண்டு கீறே! ஷரஃபுதீன் பாய் வூட்டைக் காலி பண்ணிட்டாரும்மா. பெருங்குடியாண்ட ஏதோ மெத்தைக் கடையில வேலை கெடச்சிச்சாம். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி ஜும்மா முடிச்ச கையோட சாமானை ஏத்திட்டாங்க."

"ஃபிசாவுக்கு ஸ்கூல்?"

"அது எனக்கு இன்னா தெரியும்? மிஸ்கிட்ட சொல்லிட்டு வரேன், சொல்லிட்டு வரேன்னு சொல்லிகினே இருந்திச்சு. உன்கிட்ட சொல்லலியா?"

வெள்ளிக்கிழமை கிளம்பியிருக்கிறார்கள். வீடியோ எடுத்தது அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

18 ஜூலை, வெள்ளி

அதைச் சொல்லத்தான் தூக்கினாளா? இல்லை, பின்னத்தில் சந்தேகமா? சொல்ல என்றால் ஏன் இடது கை?

பெருங்குடி என்றதும் நினைவுக்கு வந்தவர் ஜஹீதா ஒருவர்தான். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்து, கடைசியில் அவர் கேள்விக்குக் கீழேயே பதில் போட்டேன். "அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை. இப்போது அவள் உங்கள் பக்கம்தான் எங்கோ இருக்கிறாள்." கூடவே என் எண்ணும்.

சாயங்காலமே போன் வந்தது. கத்திக் கத்திக் கட்டிப்போன டீச்சர் குரல். என் வயதுதான் இருக்கும்.

"லூயிசாவா? அழுவுறீங்களா, இல்ல உங்க டவர் விட்டு விட்டு வருதா?"

"ரெண்டும்தான்."

"சரி விடுங்க. இங்க மெத்தைக் கடைன்னா ரெண்டு மூணுதான் இருக்கும். என் பசங்ககிட்ட சொன்னாப் போதும், போலீஸை விட ஃபாஸ்டு."

வைப்பதற்கு முன் கேட்டேன். ஏன் முழுசாகப் பார்த்தீர்கள்? யாருமே பார்ப்பதில்லையே.

"போன வருஷம் என் வீடியோவுக்கும் பூங்கொத்துதாங்க வந்திச்சு. நான் கிளாஸ்ல என்ன தப்பு பண்றேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான்."

22 ஜூலை, செவ்வாய்

ஜஹீதா ஃபிசாவைக் கண்டுபிடித்துவிட்டார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். பள்ளிக்குப் போகவில்லை. நடுவருடத்தில் எந்தப் பள்ளியும் எடுக்காது என்று அவள் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜஹீதா தன் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளத் தயார். ஆனால் கணினியில் அவள் பெயரை எங்கள் பள்ளி விடுவித்தால்தான் அங்கே ஏற்ற முடியும்.

"அன்னிக்கு என்ன கேட்க வந்தேன்னு கேட்டேங்க," என்றார் ஜஹீதா. "மறந்துட்டேன்னு சொல்றா."

மறந்துவிட்டாளாம்.

23 ஜூலை, புதன்

தலைமை ஆசிரியர் ஷில்பா மேடத்தின் அறையில் நான் இதுவரை பேசியது "சரிங்க மேடம்" மட்டும்தான்.

"ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிக் கணக்குல பிள்ளைங்க எத்தனைன்னு பார்ப்பாங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு பேரு இங்கேயே இருக்கட்டும். அப்புறம் விட்டுடலாம். உனக்காகத்தான் சொல்றேன், லூயிசா. எண்ணிக்கை குறைஞ்சா உபரி ஆசிரியர்னு முதல்ல எழுதறது கடைசியா சேர்ந்தவ பேரைத்தான்."

கொஞ்ச நாள்தான். நியாயமாகத்தான் பட்டது. சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாசல்வரை வந்தும்விட்டேன். தம்பி இடுப்பில் இருந்தால் அவளால் எந்தக் கையையும் தூக்க முடியாது என்று ஏனோ தோன்றியது.

திரும்பினேன். மேடம் நிமிர்ந்து, "என்னம்மா, கையைத் தூக்கிட்டு நிக்கறே?" என்றார். தூக்கியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார்.

"இன்னிக்கே விட்டுடலாம், மேடம்."

என்னையே பார்த்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பாஸ்வேர்டு ஷெரிலுக்குத்தான் தெரியும். கூப்பிடு அவளை."

25 ஜூலை, வெள்ளி

ஜஹீதாவிடமிருந்து ஒரே சொல்: "சேர்த்தாச்சு."

5 ஆகஸ்ட், செவ்வாய்

வலது, இடது இனி கிடையாது என்று வகுப்பில் சொன்னேன். "அப்ப எந்தக் கை, மிஸ்?" ஜாஸ்பர்தான். எந்தக் கையானாலும் சரி என்றேன். பழக்கம் விடவில்லை. இடது கைகள் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறேன்.

பாடம் முடிந்ததும் "கேட்கணுமா?" என்றுவிட்டுக் காத்திருக்கிறேன். முழு மதிப்பெண் வாங்கிய பாடம் அது. நின்று பார்த்தால்தான் தெரிகிறது, அந்த அமைதி எவ்வளவு நீளம் என்று. மின்விசிறிச் சத்தம் மட்டும். கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போகிறது. அங்கே யாரும் உட்காருவதில்லை. நான் உட்காரச் சொல்வதுமில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

உபரிப் பட்டியலில் என் பெயர். தரமணியில் ஒரு பள்ளிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை குறைந்ததாலா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஷெரில் மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார்: "நீயா போய் வம்பை விலைக்கு வாங்கினே, லூசு."

அம்மா மீனை அலசியபடியே கேட்டாள். "அங்கயும் டீச்சர் வேலதான?"

ஆமாம்மா.

"அப்பறம் இன்னா?"

23 ஆகஸ்ட், சனி

காலையில் நேரலை. முதல் தடவையாகக் கேமராவைப் போட்டேன். பின்னால் எங்கள் துணிக்கொடி. இன்னொரு கட்டத்திலும் ஒரு முகம் வந்தது. ஜஹீதா கையசைத்தார்.

இந்தச் சுற்றில் அவர் வீடியோ எனக்கு வந்திருக்கிறது. மதியம் உட்கார்ந்து ஒலியோடு முழுசாகப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம், ஃபிசா. சீருடை மாறியிருக்கிறது. கொஞ்சம் இளைத்தும்விட்டாள்.

பாடம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது கை எழுந்தது. இடது கை.

அந்தப் பள்ளியில் யாருக்கும் அந்த விதி தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் மட்டும் அங்கேயும் வைத்திருக்கிறாள்.

ஜஹீதா பேச்சை நிறுத்தினார். "சொல்லு, ஃபிசா." அவள் எழுந்தாள். போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வீடியோவில் பள்ளிக்கு வெளியே பறக்கும் ரயில் போகிறது. உதடு அசைகிறது, நிறைய நேரம் அசைகிறது. இவ்வளவு பேசுவாளா? ரயில் சத்தம் ஓய்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள். ஜஹீதா தலையை ஆட்டிவிட்டுப் பலகைக்குப் போய், எழுதியிருந்ததை அழித்துவிட்டு, அதே கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தார்.

கருத்துப் பெட்டி காத்திருந்தது. எழுதினேன்:

"மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்குகிறாள். என்ன கேட்டாள்?"