கரும்பலகையில் பதினேழு டிகிரி

செப்டம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் நலம். அடுத்த வரியிலிருந்து உண்மையை எழுதுகிறேன்.

உன் அக்காவுக்கு இப்போது இடது கையும் பொத்தான் போட உதவுவதில்லை. அது என் வேலையாகிவிட்டது. ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாகப் போட்டுவிடுகிறேன். "இருபத்திரண்டு வருஷமா ஒரு நீர்த்தேக்கத்தையே காவல் காக்கிற ஆளு, நாலு பொத்தான ஒழுங்கா போடத் தெரியல" என்று திட்டுகிறாள். திட்டும்போது மட்டும் குரல் பழைய குரல். அதற்காகவே சில நாள் வேண்டுமென்றே மாற்றிப் போடுகிறேன். காட்டிக் கொடுத்துவிடாதே.

தசை நோய் டாக்டர் சொன்னதை உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். முதலில் கை, பிறகு கால், பிறகு நெஞ்சாம். மூச்சு விடுவதற்கும் தசைதான் வேண்டுமாம். எனக்கு அது இத்தனை நாள் தெரியாது. தானாக நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளுக்கு நோயே இல்லை. படி வரைக்கும் நான் தூக்கிப் போகிறேன். (எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து தினமும் நீந்த வருகிற தையற்கார அம்மா, "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்கிறாள்.) அதன்பிறகு மல்லாந்து மிதக்கிறாள். நான் பக்கத்தில் நின்றால், "தள்ளி நில்லுங்க, வெயில மறைக்காதீங்க" என்கிறாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு மரப்பாலத்தின் நுனியிலிருந்து தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மூன்று நிமிடம் வைத்திருந்து, எடுத்த எண்ணை வாசல் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்த எண்தான் இங்கே சட்டம். பதினேழும் அதற்கு மேலும் என்றால் அரைமணி நேரம் நீந்தலாம். பதினைந்து, பதினாறு என்றால் பத்தே நிமிடம். அதற்கும் கீழே போனால் சங்கிலி கட்டி மூடிவிட வேண்டும், மே மாதம் வரை. இன்றைக்குப் பத்தொன்பது.

ஜூனில் லீவு கிடைக்கும், அப்போது தண்ணீர் இருபதைத் தொட்டிருக்கும், அக்காவோடு போட்டி போடுவேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். இரண்டாம் தரம் ஜூன் என்ற சொல் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்புடன்,
அத்தான்

அக்டோபர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் ஒரு திருட்டு வேலை செய்திருக்கிறான். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன வாரம் மூன்று நாள் மழை. தண்ணீர் மடமடவென்று இறங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை கயிற்றை இழுத்துப் பார்த்தால் பதினாலு. சங்கிலி கட்ட வேண்டிய நாள். சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் உன் அக்கா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் காத்திருக்கிறாள். மே மாதத்தில் அவளுக்கு எது எது வேலை செய்யும் என்று டாக்டரிடம் கேட்டவன் நான்.

பம்ப் அறை மூலையில், எஞ்சினைக் குளிரவைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக ஒரு குழாய் வழியாக நீர்த்தேக்கத்தில் விழுகிறது. தெர்மாமீட்டரை அங்கே கொண்டுபோய் இறக்கினேன். பதினேழு! பொய் எழுதவில்லை பார், இடத்தைத்தான் மாற்றினேன். அரசாங்க வேலை பார்க்கிற மூளை சும்மா இருக்குமா?

நடந்த கூத்தைக் கேள். வழக்கமாக நீந்த வருகிற கூட்டத்தில் முதலில் பல் டாக்டர் குதித்தார், குதித்த வேகத்தில் மேலே வந்தார். "பதினேழா? அப்ப எனக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். "பல்லு டாக்டருக்கே பல்லு தந்தியடிக்குதே" என்று தையற்கார அம்மா சிரித்தாள். அவள் உதடு கத்தரிக்காய் நிறம். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், போன வருஷத்துப் பதினேழு இதைவிடச் சூடாக இருந்ததாகச் சொன்னார். ஒரு ஆளாவது பலகையைச் சந்தேகப்பட வேண்டுமே! எல்லாரும் தங்கள் உடம்பைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

உன் அக்கா பலகையைப் படித்துவிட்டு, "அப்பாடா, இன்னைக்கும் அரைமணி நேரம் உண்டு" என்றாள். பத்து நிமிடத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கரையேற்றிவிடலாம் என்பது என் கணக்கு. பத்து நிமிடம் ஆனபோது கண்ணை மூடிக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட மனசு வரவில்லை.

நாளைக்கும் அந்த மூலையில்தான் அளப்பேன்.

உன் திருட்டு அத்தான்

நவம்பர் 2

மாப்பிள்ளைக்கு,

ஆசுபத்திரியிலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் எண் அறை. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல்தான் தெரிகிறது.

நான்கு நாள் அந்த மூலையில் அளந்தேன். நான்காம் நாள் கரையேறியவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை, என் கோட்டு, எதுவும் உதவவில்லை. மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாள் நெஞ்சில் சளி. எனக்கும் உனக்கும் என்றால் இருமித் துப்பிவிட்டுப் போய்விடுவோம். அவளுக்கு இருமுவதற்குத் தசை இல்லை. இப்போது மூக்கில் குழாய். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுக்கிறாள். திட்டு என்று எவ்வளவு கெஞ்சினாலும் முடியவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் எப்படியும் இது வந்திருக்கும், யாரும் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் பம்ப் அறை மூலையைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நேற்று பல் டாக்டர் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "பாவம், பதினேழுலயே குளிர் தாக்கிடுச்சே" என்றார். நானும் தலையை ஆட்டினேன். எழுதிக் காட்டியிருப்பது உனக்கு மட்டும்தான். நீ என்னை என்ன சொன்னாலும் தகும். அவளுக்கு நீ ஒரே தம்பி.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டாம் தரம் அவளே முந்திக்கொண்டாள். "அந்தக் கடைசி நாலு நாளு... ரொம்ப நல்லா... இருந்துச்சுங்க" என்றாள். அதற்கு மேல் எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சங்கிலி கட்டியாகிவிட்டது. இருந்தாலும் தினமும் காலையில் போய் மரப்பாலத்தின் நுனியிலேயே அளந்துவிட்டு வருகிறேன். இன்றைக்கு ஒன்பது. அடியிலும் மேலேயும் ஒரே குளிர். இனி கிளறினாலும் சூடு கிடைக்காது. நீந்த ஆளில்லாத பலகையில் எண் எழுதிவைக்கிறேன்.

ஜூன் என்பதை விட்டுவிடு மாப்பிள்ளை. உன் லீவு எத்தனை நாள், டிக்கெட் என்ன விலை என்றெல்லாம் எனக்குத் தெரியாது. ஆபீசில் என்ன காரணம் சொல்வது என்று கேட்டால், எந்தக் காரணத்தை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லையோ அதைச் சொல். நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயது இருக்க வேண்டும். பத்திரமாக வந்து சேர். வருகிற தேதியை மட்டும் உடனே தெரியப்படுத்து. கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அவளிடம் சொல்கிறேன்.

அத்தான்