உன் இடது முழங்கை

இன்று காலை, மெல்பேர்னில் வெரிபீ போகிற ரயிலில் பக்கத்தில் இருந்தவளிடம் தைலம் மணத்தது. பயிற்சி முடிந்ததும் நீ பூசுகிற அதே காரத் தைலம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, அந்த மணத்தோடு இருக்க ஏலாது.

உன் இடது முழங்கைக்கு அதைத் தேய்த்துவிட்டவள் நான்தான். சின்ன வயதில் சமோவாவில் மரத்தால் விழுந்து, முறிந்து, கோணலாகப் பொருந்தின கை. பாரம் தூக்கும் போட்டியில், தலைக்கு மேலே தூக்கினால் கை நேராக நிற்க வேண்டும் என்பது விதி. உன்னுடையது ஒருநாளும் நேராகாது. அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நடுவர்கள் மூன்று பேரிடமும் நீட்டிக் காட்டுவாய்: "இவ்வளவுதான் நிமிரும்." எத்தனை நாடுகளில் காட்டியிருப்பாய். திரும்பி வந்து அந்தக் கதைகளை எனக்குச் சொல்லிச் சிரிப்பாய்.

நானும் பாரம் தூக்கினவள்தான். ஆனால் அகதியாய்ப் படகில் வந்தவளுக்குத் தற்காலிக விசா. போட்டிக்கென்று நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். அதனால்தான் நடுவர் வேலைக்குப் படித்தேன். நீ என்னை "உசோ" என்பாய், உங்கள் மொழியில் சகோதரி. எனக்கோ நாடுநாடாகப் போகிற உன்னில் எரிச்சல். இதோ, சொல்லிவிட்டேன்.

மெல்பேர்னில் நடந்த சர்வதேசப் போட்டியில் நடுவர் கதிரை ஒன்றில் நான். உன் கடைசித் தூக்கு சரிவந்தால் சமோவா அணியில் இடம், இல்லாவிட்டால் உன்னைவிட இளையவளுக்கு. நீ தூக்கி, அசையாமல் நின்றாய். பலகையில் ஒரு வெள்ளை விளக்கு, இரண்டு சிவப்பு. இரண்டு சிவப்பென்றால் தூக்கு செல்லாது. அதில் ஒன்று என்னுடையது.

பிறகு வந்து கேட்டாய்: "உசோ, வழமையைவிடக் கூட மடங்கினதா?"

அந்தக் கையை என்னளவு அறிந்தவர் ஒருவருமில்லை. "ஓம்," என்றேன். மடங்கவில்லை.

நீ நம்பினாய். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த வருடம் முழுக்க அந்தக் கையில் பாரம் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தப் பார்த்தாய். கடைசியில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாமல் போனது. நான் தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்," என்றும் சொன்னேன்.

பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. ஆசுபத்திரியில் கடைசியாகக் கண்டபோது, ஊரிலிருந்து வந்திருந்த உன் தாய்க்கு என்னைக் காட்டினாய். "நல்லாத் தூக்கினாய் என்று எல்லாரும் எனக்குப் பொய் சொன்னார்கள். இவள் ஒருத்திதான் உண்மை சொன்னவள்."

உன் தாய் என் கையைப் பிடித்து முத்தமிட்டா. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ ஊரிலிருந்து தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறா. எனக்காகச் செபிக்கிறாவாம். இப்போதெல்லாம் என்னை மகளே என்கிறா. ஓம் அம்மா, என்கிறேன்.