மூச்சுப் பட்டை

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று கிண்ணியாவிலிருந்து என் தோழி பஸீலா வந்திருந்தாள். கை முறிந்து பொருந்திய பிறகு அவளால் கணினி விசைகளை வேகமாக அழுத்த முடிவதில்லை. அவளுக்குப் பிடித்த சுழியோடி விளையாட்டில், மூழ்கிய கப்பலை அடையுமுன் மூச்சு முடிந்துவிடுகிறது. மூச்சு குறையாதபடி ஒரு ட்ரெய்னர், அதாவது விளையாட்டை ஏமாற்றும் சிறு நிரல், செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். இந்த வேலையில் இதுதான் எனக்கு முதல் முயற்சி.

விளையாட்டின் நினைவகத்தில் மூச்சோடு சேர்ந்து குறையும் எண்ணைத் தேடிப்பிடித்து, நூறிலேயே நிறுத்திவைத்தேன். திரையில் மூச்சுப் பட்டை நிறைந்தபடியே நின்றது. சுழியோடியோ பாதி வழியில் செத்துப்போனான்.

"மூச்சு நிறைய இருக்கு, ஆள் மௌத்து!" என்று பஸீலா விழுந்து விழுந்து சிரித்தாள். "கம்பஸ்ல இதைத்தானா படிச்சநீங்க?"

நானும் சிரித்தேன். முகம் சுட்டது. நான் பிடித்தது திரைக்குக் காட்டும் எண்ணை மட்டும். உண்மையான எண் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

புறப்படும்போது, "விடுங்க, அந்தக் கப்பலப் பாக்காட்டி என்ன" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

"விட ஏலாது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

இப்போதுதான் தோன்றுகிறது. அந்த விளையாட்டு மூச்சை எண்ணாமல், அவன் நீருக்குள் இருந்த நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அந்த எண் குறையாது, கூடும். நான் குறைவதையே தேடியிருக்கிறேன். அம்மா லைட்டை அணைக்கச் சொல்கிறார். கூடுவதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.